மேட்டுத் தோட்டத்தில் சிவப்பு நாடா

சேன் மர்சியால்,
ஏப்ரல், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மகாலிக்கு,

இங்கே நானும் உங்கப்பாவும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் அளவுக்குத் தெம்போடு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டி லெயோனியும் அதற்குக் குறையாத சுகத்தோடு இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், டாக்டர் கொடுத்த களிம்பைத் தடவுவதில்லை, டப்பாவைச் சன்னலில் வைத்துத் தினமும் பார்க்கிறார், பார்த்தாலே போய்விடும் என்று நினைப்பு. காற்று ஒரு வாரமாக விடாமல் அடிக்கிறது, துணி காயப்போட்டால் பக்கத்து ஊரில் போய்ப் பொறுக்க வேண்டியிருக்கிறது. குழந்தைக்குக் காதுவலி என்றாயே, இப்போது எப்படி? குல்லாயைக் காதுக்கு மேலே ஏற்றி வைத்து அழகு பார்க்காதே, மொந்ரேயால் குளிர் உன் மகளின் அழகைப் பார்த்து இரக்கப்படாது. இதையெல்லாம் போனிலேயே கேட்கலாமே என்பாய். போனில் பேசினால் உங்கப்பா பின்னாலேயே வந்து நின்றுகொண்டு "என்ன சொல்றா, என்ன சொல்றா" என்று பிராணனை வாங்குவார், நான் முக்கியமான இடத்துக்கு வரும்போது நீ "அம்மா, மீட்டிங் இருக்கு, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுவாய். இந்தத் தடவை சொல்ல வேண்டியதை முழுக்கச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஜூலையில் நாங்கள் அங்கே வருவதாக இருந்தது இல்லை என்று ஆகிவிட்டது. பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், படித்துவிட்டு யாரைத் திட்டுவது என்று நீயே முடிவு செய்துகொள்.

திராட்சைத் தோட்டத்தை அடியோடு பிடுங்கிவிட்டு, இனி எந்தக் காலத்திலும் அங்கே திராட்சை வைக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் அரசாங்கம் ஹெக்டேருக்கு நாலாயிரம் யூரோ தருகிறது என்று முன்பே சொல்லியிருந்தேன். ஒயின் விற்கவில்லையாம், ஊருக்கு ஊர் தொட்டி நிரம்பிக் கிடக்கிறதாம், அதனால் செடியைக் கொன்றால் காசு. (எப்படி விற்கும்? நீயே அங்கே சிலி நாட்டு ஒயின்தான் வாங்குவதாக மாப்பிள்ளை வாய்தவறி உளறிவிட்டார். அதை நான் உங்கப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் மனுஷன் ரெண்டு நாள் சாப்பிட மாட்டார்.) இதை விளக்குவதற்குக் குளிர்காலம் தொடங்கும் முன் ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஆலோசகர் என்று ஒரு பெண் வந்தாள், வெள்ளைவெளேரென்று காலணி, மண்ணை மிதித்த அடையாளமே கிடையாது. திரையில் படம் படமாகப் போட்டுக் காட்டினாள். திராட்சை இருந்த இடத்தில் பிஸ்தா வைக்கலாமாம், மாதுளை வைக்கலாமாம், ஒன்றுமே முடியாவிட்டால் "நிலத்தைக் கொஞ்ச காலம் மூச்சு விட விடலாம்" என்றாள். நிலத்துக்கு மூச்சுத் திணறுகிறது என்று இவளிடம் யார் போய்ச் சொன்னார்களோ! உங்கப்பா எழுந்து, "ஏம்மா, பிஸ்தா காய்க்க எத்தனை வருஷம் ஆகும்?" என்று கேட்டார். "ஏழெட்டு வருஷத்துல நல்லா வந்துடும் ஐயா" என்றாள். "அப்போ எனக்கு எழுபத்தெட்டு. பல்லு இருக்காது. பிஸ்தாவை நான் என்ன பண்ண, மூக்குல போட்டுக்கவா?" என்றார் பார், மண்டபமே சிரித்தது. அவளும் கூடச் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் இதே மண்டபத்துக்கு இன்னொருத்தர் வந்தார், உனக்கு நினைவிருக்காது, கழுத்துப்பட்டை கட்டிய ஆள். "கரிஞான் திராட்சை எல்லாம் கிழட்டு ரகங்க, குப்பை, அதைப் பிடுங்கிப் போட்டுட்டு மெர்லோ வைங்க, வைக்கிறதுக்கு நாங்க காசு தர்றோம்" என்றார். அவர் பேச்சைக் கேட்டுத்தான் ஆற்றோரத் தோட்டம் முழுக்க மெர்லோ ஆனது. இப்போது அதே மெர்லோவைப் பிடுங்கவும் காசு. வைத்ததும் அவர்கள் காசில், பிடுங்குவதும் அவர்கள் காசில், நடுவில் வந்த முதுகுவலி மட்டும்தான் எங்களுக்குச் சொந்தம். மேட்டுத் தோட்டத்தில் டிராக்டர் திரும்ப இடம் இல்லாததால் அந்தக் கழுத்துப்பட்டைக்காரர் மேலே ஏறவில்லை, அதனால் அங்கே மட்டும் உன் தாத்தா வைத்த கரிஞான் தப்பித்தது.

நம் கூட்டுறவுச் சங்கத் தலைவர் பூஸ்கே இருக்கிறாரே, அந்த ஆளைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. நவம்பரில் நார்போனில் போராட்டம் என்று ஊரையே திரட்டிக்கொண்டு போனார். பதாகை வேண்டும் என்று என்னிடம் வந்து நின்றார், நானும் பைத்தியக்காரி மாதிரி கல்யாணத்துக்கு வந்த நல்ல படுக்கை விரிப்பை எடுத்துக் கொடுத்தேன், அதில் "எங்கள் வேரைத் தொடாதே" என்று சிவப்பில் எழுதினார்கள். பாலத்தின் மேல் ஏறி நின்று, "கடைசிச் செடி நிக்கிற வரைக்கும் இந்தப் பூஸ்கே நிப்பான்" என்று தொண்டை கிழியக் கத்தினார், கை தட்டித் தட்டி எங்களுக்குக் கை சிவந்துபோனது. திரும்பி வந்த வாரமே தெரிந்தது, சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் முன்னால் எல்லாத் தோட்டத்தையும் எழுதிக் கொடுத்த ஆள் அவர்தான் என்று. ரொட்டிக்கடையில் வைத்துக் கேட்டேன். கொஞ்சங்கூடக் கூச்சமில்லாமல், "ரெஜீன், நான் தலைவரா இருந்து கையெழுத்துப் போடல, தனிப்பட்ட முறையில போட்டேன்" என்றார். ஆமாம், பாலத்தில் கத்தியது தலைவர் வாய், கையெழுத்துப் போட்டது தனிப்பட்ட கை. என் படுக்கை விரிப்பு இன்னும் வீடு வந்து சேரவில்லை. அதைப் போட்டுத் தன் புதுக்காரை மூடி வைத்திருக்கிறார், எழுத்து உள்பக்கமாக.

சரி, நம் கதைக்கு வருகிறேன். ஆற்றோரம், சாலையோரம், மேடு, மூன்று தோட்டத்திலும் வருவதைக் கூட்டினால் மருந்துக்கும் டீசலுக்குமே சரியாகப் போகிறது, ஒயினைவிடப் பாட்டில் தண்ணீர் விலை அதிகம். நீயும் போனில், "அப்பா, எல்லாத்தையும் குடுத்துட்டு இங்க வந்து ரெண்டு மாசம் நிம்மதியா இருங்கப்பா" என்றாய். நானும் விடவில்லை. "குடுக்குறதுன்னா மூணையும் குடுங்க, ஒண்ணை வச்சுக்கிட்டு இந்த வயசுல மல்லுக்கட்ட என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டேன். அவர் சூப்பில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே இருந்தார், கிண்ணத்தில் இடமில்லாமல் போகும் வரைக்கும் போட்டார், அதன்பின் மூன்றையும் எழுதிக் கொடுத்துவிட்டார். வரும் காசில் கடன் போக மிச்சம் டிக்கெட்டுக்கு என்று கணக்குப் போட்டு, நான் மறுவாரமே நார்போன் போய்ப் பெட்டி வாங்கினேன். நீல நிறம், நாலு சக்கரம், தொட்டாலே தானாக ஓடும். கடைக்காரி, "விமான நிலையத்துல பாதிப் பேரு பெட்டி நீலமாத்தாம்மா இருக்கும், அடையாளத்துக்கு எதாவது கட்டிக்கங்க" என்றாள், அதற்காகச் சிவப்பு நாடா ஒரு சுருள் வாங்கினேன். பெட்டியை அலமாரிக்கு மேலே வைத்து, நாடாவை அதற்குள் வைத்தேன். லெயோனியைப் போன் கண்ணாடிக்குள் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது, தூக்கினால் எவ்வளவு கனம் இருப்பாள் என்றுகூடத் தெரியாத பாட்டி நான் ஒருத்திதான் இருப்பேன். வெளிப்படையாகச் சொல்கிறேன், செடியும் வேண்டாம் மண்ணும் வேண்டாம், என் பேத்தியைக் கொடு என்று இருந்தது எனக்கு.

இந்தத் திட்டத்தில் ஒரு கூத்து கேள். காசு வேண்டுமென்றால் பிடுங்கப்போகும் செடி உயிரோடு, நல்ல பராமரிப்போடு இருக்க வேண்டும், செத்த செடிக்கும் புதர் மண்டிய தோட்டத்துக்கும் காசு கிடையாது, அதைப் பார்க்க ஓர் அதிகாரி வருவார். அவ்வளவுதான், ஊர் முழுக்கக் களை எடுப்பும் உழவும் தூள் பறந்தது. பூஸ்கேயின் கீழத்தோட்டத்தில் முள் நெஞ்சளவு வளர்ந்து, உள்ளே பன்றி குடியிருந்தது, உனக்கே தெரியும். அங்கே கூலிக்கு ஆள் வைத்துச் செடியைத் தேடிக் கண்டுபிடித்துச் சீவிச் சிங்காரித்து நிறுத்தினார். நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து தோட்டங்கள் இவ்வளவு லட்சணமாக இருந்து பார்த்ததில்லை. அதிகாரியும் வந்தார், கையில் ஒரு கருவியோடு வரிசை வரிசையாக நடந்தார். எங்கள் மேட்டுத் தோட்டத்துக்கு ஏறி வந்து, செடியை நகத்தால் சுரண்டிப் பார்த்து, உள்ளே பச்சை இருப்பதைக் கண்டு, "அடடா, நல்ல ஆரோக்கியமா இருக்குங்க, தாராளமாப் பிடுங்கலாம்" என்றார். இதை அவர் சிரிக்காமல் சொன்னார் மகாலி. உங்கப்பா அவருக்குக் கை கொடுத்தார், நான்தான் சிரிப்பை அடக்க முடியாமல் காற்றைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

அதற்குப் பிறகு பொக்லைன் வர வேண்டியதுதான் பாக்கி. பொக்லைன் எங்கே கிடைக்கிறது, ஊருக்கு ஊர் பிடுங்கும் திருவிழா, முறை வர மாசக்கணக்கில் ஆனது. அதிகாரி பார்த்துவிட்டுப் போனபின் செடிக்கு ஒரு வேலையும் செய்ய வேண்டியதில்லை, எல்லோரும் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்கள். உங்கப்பா மட்டும் தினமும் காலையில், "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காருல்ல, கொஞ்சம் நடந்துட்டு வர்றேன்" என்று கிளம்புவார். டாக்டர் சொன்ன களிம்பு ஆகாது, டாக்டர் சொன்ன நடை மட்டும் ஆகுமாம். மத்தியானம் வரும்போது சட்டைப் பையில் கொடித் துண்டு இருக்கும், கொடி நறுக்கும் கவாத்துக் கத்தரி ஆணியில் இருக்காது, நான் கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்தேன். ஒருநாள் ரொட்டிக்கடையில் நாலு பேர் நடுவில் பூஸ்கே, "கில்பேரைப் பாத்தீங்களா, பொணத்துக்கு முடி வெட்டிக்கிட்டு இருக்கான்" என்று சொல்லிச் சிரித்தார், கடையே சிரித்தது. எனக்கு வந்ததே கோபம். என் புருஷனை நான் சொல்வேன், ஆயிரம் சொல்வேன், இவர் யார் சொல்ல? "ஆமா பூஸ்கே, முடி மட்டும் இல்ல, சவரமும் பண்ணிவிடுவாரு. உங்களுக்கு எப்போ தேவைப்படுதுன்னு சொல்லி அனுப்புங்க, கூலி கூட வேண்டாம்" என்றேன். முகத்தில் ஈயாடவில்லை, வாங்கிய ரொட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போனார். ஆனால் வீட்டுக்கு வந்து உங்கப்பாவை விட்டேனா? "ஊரு சிரிக்குது. அடுத்த மாசம் சாகப்போற செடிக்கு இப்போ என்ன கவாத்து?" என்று பிடித்துக்கொண்டேன். "கத்தரி துருப்பிடிச்சுடும்ல" என்றார். இந்த மனுஷனோடு நாற்பது வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன், எனக்கே ஒரு விருது கொடுக்கலாம். போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் பொக்லைன் வந்தது. ஓட்டி வந்தது யார் தெரியுமா, உன்னோடு படித்த தாமியேன், கணக்குப் பரீட்சையில் உன்னைப் பார்த்து எழுதுவானே, அவன்தான். தலையில் பாதி வழுக்கை, மூன்று பிள்ளைகள், பேச்சு மட்டும் அதே மரியாதை. முதலில் ஆற்றோரத்தில் இறங்கினான். செடி ஒவ்வொன்றையும் வேரோடு தூக்கி, உதறி, குவித்துக்கொண்டே போனான். உங்கப்பா முதல் வரிசை வரைக்கும் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டுச் சத்தத்தை ஏற்றிவிட்டார். ஏதோ சமையல் போட்டி. முட்டை வேகவைக்கத் தெரியாத மனுஷன், யாரோ கேக்குக்குப் பூ வைப்பதைக் கண்கொட்டாமல் பார்க்கிறார். அடுத்து சாலையோரமும் போனது, அன்றைக்கும் சமையல் போட்டிதான். ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அடிக்கட்டைக் குவியல், எல்லா வீட்டுக் கொல்லையிலும் அதை எரித்துத் தொத்திறைச்சி சுட்டுத் தின்கிறார்கள். பூஸ்கே ஊருக்கே விருந்து வைத்தார், தன் தோட்டத்துக் கட்டையைத் தானே அடுப்பில் வைத்து, "இந்த வாசனை வேற எதுலயும் வராதுய்யா" என்று சொல்லிச் சொல்லித் தின்றாராம். நாங்கள் போகவில்லை. நான் போயிருப்பேன், தொத்திறைச்சி மேல் எனக்கு என்ன பகை, உங்கப்பா நாற்காலியை விட்டு எழுந்தால்தானே.

வெள்ளிக்கிழமை மேட்டுத் தோட்டம் முறை. காலையில் வண்டிச் சத்தம் மேலே ஏறுவது கேட்டது, கொஞ்ச நேரத்தில் நின்றுபோனது. பழுது போலிருக்கிறது என்று நினைத்தேன். பார்த்தால் தாமியேன் நம் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "அம்மா, ஒரு நிமிஷம் மேல வந்து பாக்குறீங்களா? ஐயாகிட்ட கேக்க எனக்கு வாய் வரல" என்றான். உள்ளே டிவி அலறிக்கொண்டிருந்தது, நான் போட்டிருந்த செருப்போடு ஏறினேன். மேலே போனதும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது சிவப்பு. காற்றில் எங்கேயோ இருந்து குப்பை அடித்து வந்து செடியில் மாட்டிக்கொண்டது என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். என் நாடா! பெட்டிக்கு வாங்கிய என் சிவப்பு நாடா, துண்டு துண்டாக நறுக்கி, சரிவு முழுக்கப் படபடவென்று ஆடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு நாடாவுக்குக் கீழேயும் ஒரு குச்சி, குச்சியில் ஒரு கொடி நுனி, அது கீழே மண்ணுக்குள் போய்ப் பக்கத்துச் செடியில் போய் முடிகிறது. பதியன் போட்டிருக்கிறார் மகாலி. உனக்கு மறந்திருக்காது, செடி செத்து இடம் காலியானால் பக்கத்துச் செடியில் நீளமாக ஒரு கொடியை வெட்டாமல் விட்டு, வளைத்துக் குழியில் புதைத்து, நுனியைக் காலி இடத்தில் தலைநீட்ட வைப்பாரே, அதேதான். வேர் பிடித்து ஒரு கொத்து காய்க்கவே மூன்று வருஷம் ஆகும். நடந்துவிட்டு வருகிறேன் என்று போனதெல்லாம் இதற்குத்தான். அதிகாரி வந்து பார்த்து முடித்து, கையெழுத்தெல்லாம் போட்டு, கொல்லுவதற்கு நாள் குறித்த தோட்டத்தில், முழங்காலில் மண்டியிட்டுக் குழி பறித்து, விட்டுப்போன இடமாகப் பார்த்து நிரப்பி வைத்திருக்கிறார். உலகத்தில் வேறு எவனாவது இப்படி ஒரு முட்டாள்தனம் செய்வானா?

நுனியெல்லாம் மொட்டு வீங்கி, சிலது இளஞ்சிவப்பாகப் பிரிந்துகூட விட்டது. தாமியேன் தரையைப் பார்த்துக்கொண்டு, "இதெல்லாம் வேர் பிடிக்கவே நாளாகும்லம்மா? ஐயா எதாவது மனசு மாத்திக்கிட்டாரோன்னு... சொல்லுங்க, பிடுங்கட்டுமா?" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்த நாடாவை ஒவ்வொன்றாக அவிழ்த்து உங்கப்பா கழுத்தில் சுற்ற வேண்டும் போல் இருந்தது. லெயோனியை நினைத்தேன், அலமாரி மேல் இருக்கும் பெட்டியை நினைத்தேன், பிடுங்குடா என்று சொல்ல வாயைத் திறந்தும்விட்டேன். அப்போதுதான் கீழே நம் வீட்டிலிருந்து அந்தச் சமையல் போட்டிச் சத்தம் காற்றோடு மேலே வந்தது, யாரோ கைதட்டுகிறார்கள். இதையும் பிடுங்கிவிட்டால் இந்த மனுஷன் சாகும்வரைக்கும் அந்த நாற்காலியில்தான் இருப்பார் என்று எனக்குப் பளிச்சென்று பட்டது, பயமாகிவிட்டது. "வண்டியைத் திருப்பு" என்றேன். "மொத்தமாவாம்மா?" என்றான். "திருப்புன்னா திருப்பு, இதென்ன கணக்குப் பாடமா, ரெண்டு தடவை சொல்றதுக்கு" என்றேன். அவன் சிரித்துவிட்டான், பாவம், கண்ணையும் துடைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து டிவியை அணைத்தேன். "பிடுங்கப்போற தோட்டத்துல எதுக்குங்க பதியன்?" என்று நேராகவே கேட்டேன். ரிமோட்டைத் தேடினார், அது என் கையில் இருந்தது. பிறகு, "எடம் காலியா இருந்துச்சு" என்றார். "அதுக்கு?" என்றேன். "காலியா இருந்தா போடணும்ல" என்றார். வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன் என்றதும் சந்தோஷப்படுவார் என்று நினைக்கிறாயா? வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "கையெழுத்துப் போட்டாச்சு, திருப்பி அனுப்ப நீ யாரு? மூணையும் எழுதச் சொன்னவளும் நீதான, இப்போ டிக்கெட்டுக்கு என்னடி பண்ணுவ? புள்ளைக்கு என்ன பதில் சொல்லுவ?" என்று கத்தினார். "எழுதச் சொன்னவளும் நான்தான், இப்போ வேண்டாங்கறவளும் நான்தான், ரெண்டுக்கும் சேத்து என்னையே திட்டிக்கங்க" என்றேன். கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். காப்பிக்கடைக்குப் போய் என்னைப் பற்றிப் புலம்புவார் என்று நினைத்து உருளைக்கிழங்கை வேகவைத்தேன். சன்னல் வழியாகப் பார்த்தால் மேட்டில் நிற்கிறார், பொக்லைன் திரும்பும்போது நசுக்கிவிட்டுப் போன ஒரு பதியனை மண்டியிட்டு மறுபடி புதைத்துக்கொண்டிருக்கிறார். முழங்கால் வலி எல்லாம் எங்கே போயிற்றோ.

பிடுங்கக் காசு தரும் அந்த ஆபீசுக்கு நான்தான் போன் போட்டேன். ஒன்றை அழுத்து, நாலை அழுத்து என்று பியானோ வாசிக்க வைத்துவிட்டுக் கடைசியில் ஒரு பையன் எடுத்தான், நல்ல மரியாதையாகத்தான் பேசினான். ஒரு தோட்டத்தை விலக்கிக்கொள்கிறோம் என்றேன். "காரணம் என்னன்னு போடட்டும் மேடம்? வெள்ளமா, தீயா, உரிமையாளர் மரணமா?" என்று கேட்டான். "பதியன்" என்றேன். கொஞ்ச நேரம் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு காரணம் இதுல வரல மேடம்" என்றான். எப்படி வரும்? கடைசியில் "இதர" என்று போட்டுக்கொண்டான். மேட்டுக்கான காசு கிடையாது, அதோடு சொன்னதைவிடக் குறைவாகப் பிடுங்கியதற்காக மற்றதிலும் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்களாம். கொன்றது போதவில்லை என்று அபராதம் போடும் அரசாங்கத்தை இந்த வயதில்தான் பார்க்கிறேன். வரும் மிச்சம் டிராக்டர் கடனுக்குப் போய்விடும்.

ஆக, ஜூலையில் நாங்கள் வரவில்லை. நான் டிக்கெட் அனுப்புகிறேன் என்று நீ ஆரம்பிக்காதே, ரெண்டு பேரும் கிளம்பிவிட்டால் அந்தப் பதியனுக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றுவது பூஸ்கேயா? பழத்தை யார் வாங்குவார்கள் என்றும் கேட்காதே, எங்களுக்கும் தெரியாது. சங்கம் பக்கத்து ஊரோடு சேரப்போகிறது, "ஒரே ஒரு தோட்டத்துக்காகத் தொட்டி தொறக்க முடியாது ரெஜீன்" என்கிறார் தலைவர், முதலில் என் படுக்கை விரிப்பைக் கொடுங்கள், தொட்டியைப் பிறகு பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். எனவே செப்டம்பர் அறுவடைக்கு நீங்கள் மூன்று பேரும் வந்துவிடுங்கள். மாப்பிள்ளைக்கும் ரெண்டு கை இருக்கிறதே, கம்ப்யூட்டர் தட்டும் விரலில் கொஞ்சம் திராட்சைப் பிசுக்கு ஒட்டட்டும். குழந்தையை முதலில் என்னிடம் கொடு, கனம் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் கொடுப்பேன், அவர் வாங்கினால் நேராக மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். என்மேல் உனக்கு வருத்தம் இருக்கும், இருக்கட்டும், எனக்கும் இருக்கிறது. பெட்டியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை, அலமாரி மேலேயே இருக்கிறது, வாரம் ஒருதரம் தூசி தட்டுகிறேன்.

குளிரில் கார் ஓட்டும்போது அவசரப்படாதே, ராத்திரி நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிடாதே, அந்தச் சிலி ஒயினை அப்பா வரும் சமயம் கண்ணில் படாமல் வை என்று சொல்லலாம் என்று இருந்தேன், இனி அந்தக் கவலை இல்லை, குடித்துத் தொலை. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல், நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, வரும்போது சிவப்பு நாடா ஒரு சுருள் வாங்கி வா, அகலமானதாகப் பார்த்து வாங்கு. இருந்தது தீர்ந்துபோய்விட்டது, மேலே இன்னும் நிறைய இடம் காலியாக இருக்கிறது என்கிறார் உங்கப்பா.

உன் அம்மா,
ரெஜீன்